ஆறு வயதுப் பையனின் முகம்

மண்டபத்தில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு பழைய இறால் கம்பெனிக் கட்டடம் இருந்தது. கம்பெனி நின்றுபோய்ப் பல வருஷம் பூட்டிக் கிடந்ததை ஒரு டிரஸ்ட் வாடகைக்கு எடுத்து, சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்து, கலாச்சார மையம் என்று போர்டு மாட்டியது. வெளிநாட்டில் வாழ்கிற இலங்கைத் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய டிரஸ்ட் அது. அகதி முகாம் குடும்பங்களும் உள்ளூர்க் குடும்பங்களும் ஒன்றாக உட்கார்ந்து படம் வரைய வேண்டும், தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். முன்கூடத்தில் படக் கண்காட்சி, பின்கூடத்தில் வகுப்பு. மழை பெய்தால் மட்டும் தரையிலிருந்து இறால் வாடை எழும்பும்.

நான் அங்கே இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்த்தேன். மற்ற நாட்களில் ராமநாதபுரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் மூன்று அரை நாள். பள்ளியில் என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கணக்கு வாத்தியார் லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சுதந்திர தினம் வந்தால் தலைவர்களின் முகத்தை போர்டில் போடச் சொல்வார்கள். போட்டோவில் கட்டம் போட்டு, போர்டிலும் கட்டம் போட்டு, பார்த்துப் பார்த்து இறக்கிவிடுவேன். அதைத் தவிர முகம் வரைந்து எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் மனிதர் படத்தைச் சுவரில் மாட்ட மாட்டார்கள். நான் ஓவியப் பரீட்சைக்குப் படித்தபோதே வாப்பா, "மரம் வரை, கப்பல் வரை. உசுரு உள்ளது வேண்டாம்மா" என்றுதான் அனுமதித்தார். அதனால் மரமும் படகும் எனக்கு நன்றாக வரும்.

மையத்தில் எனக்குக் கொடுத்த வேலைக்குக் குடும்ப ஓவியம் என்று பெயர். பிள்ளை இல்லாமல் பெற்றோர் வரக்கூடாது, பெற்றோர் இல்லாமல் பிள்ளை வரக்கூடாது. ஒரே தாளில் எல்லாரும் சேர்ந்து வரைய வேண்டும். ஆரம்பத்தில் ஆண்கள் யாரும் உள்ளே வரவில்லை. மீன்பிடிக்கிறவர்கள் வாசலில் நின்று தாயையும் பிள்ளையையும் உள்ளே அனுப்பிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். முகாம் ஆண்கள் வேலைக்குப் போன களைப்பில் ஞாயிறு முழுக்கத் தூங்குவார்கள் என்று பெண்கள் சொன்னார்கள்.

மூன்றாவது மாதம் ஒரு குடும்பம் மூன்று பேராக வந்தது. முகாமிலிருந்துதான். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. காண்ட்ராக்டரோடு பரமக்குடி வரைக்கும் போய் அடித்துவிட்டு, முகாமில் ஆள் எண்ணுகிற நாளுக்குள் திரும்பி வந்துவிடுவார். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். மனைவி ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். மகள் ஏழாம் வகுப்பு, முகாமிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடப் பேச்சு, எங்கள் பேச்சு. வீட்டில் பேசும்போது மட்டும் அவர்கள் பேச்சு.

"நாலு இஞ்சி பிரஷ் எண்டால் பிடிப்பன் டீச்சர். இது பல்லுக் குத்துற குச்சி மாதிரி இருக்கு" என்று அவர் சின்ன பிரஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் சிரித்தாள். அன்றைக்கு அவள் அப்பாவை வரைந்தாள். ஒரு ஏணி, ஏணிக்கு மேலே இரண்டு கால். அவ்வளவுதான். "மிச்சம் கட்டடச் சாரத்துக்கு மேல இருக்கு, தெரியாது" என்றாள். நான் அந்தப் படத்தை வெகுநாள் என் பையில் வைத்திருந்தேன்.

நாலைந்து ஞாயிறு போன பிறகு ஒரு நாள், எல்லாரும் கிளம்பும்போது, மனைவி மட்டும் என் மேஜை பக்கத்தில் நின்றார்.

"பாக்காத ஒராளை நீங்கள் கீறுவியளா டீச்சர்?"

அவர்கள் பேச்சில் கீறுவது என்றால் வரைவது. யாரை என்று கேட்டேன்.

"என்ர மூத்த பிள்ளையை. ஆறு வயசு அவனுக்கு."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பின்பக்கக் குழாயடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த கணவர்தான் சொன்னார். சண்டைக் காலத்தில் தலைமன்னாரிலிருந்து படகு ஏறியிருக்கிறார்கள். பையனுக்கு அப்போதே மூன்று நாளாகக் காய்ச்சல். விடிவதற்கு முன்னால் தனுஷ்கோடிக்கு வெளியே இருக்கிற ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டு, இதுதான் இந்தியா, நடந்து போங்கோ என்று படகுக்காரன் போய்விட்டான். வெளிச்சம் வந்த பிறகுதான் நாலு பக்கமும் தண்ணீர் என்று தெரிந்தது. இரண்டு நாள் அந்தத் திட்டில் இருந்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் மீன்பிடிப் படகு ஒன்று பார்த்து ஏற்றிக்கொண்டது. கரைக்கு வருவதற்குள் பையன் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் காட்டி எழுதிக்கொண்ட பிறகு, இந்தப் பக்கத்து மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

"படம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள ஆல்பம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வச்சுக் கொண்டுவந்தது. படகிலயிருந்து இறங்கேக்க நெஞ்சளவு தண்ணி. பிள்ளை என்ர தோளில. அலை அடிச்சது. பையை விடு, பிள்ளையைப் பிடி எண்டு நான்தான் கத்தினனான்."

ஊரில் சொந்தக்காரர்களிடம் இருக்காதா, பள்ளிக்கூடத்தில் எடுத்தது இருக்காதா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் கேட்டுப் பார்த்தாயிற்று. வீடும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு எழுதிக்கொண்டபோது யாராவது போட்டோ எடுத்திருப்பார்களோ என்றும் கேட்டுவிட்டேன். அவர் குழாயை மூடினார்.

"இருந்தாலும் அதை அவவுக்குக் காட்ட ஏலாது டீச்சர்."

எனக்கு முகம் வராது என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷமாக யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு மாதிரிச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிறு தொடங்கினோம். அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், மகள் எதிரில். மற்றக் குடும்பங்கள் அவரவர் தாளில் வேலை செய்ய, நான் பென்சிலும் ரப்பரும் வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டு வரைந்தேன். முகம் நீளமா, வட்டமா? நெற்றி எவ்வளவு? கண் உள்வாங்கினதா? அம்மா கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். முதலில் எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது.

"வட்ட முகம். நெத்தி சின்னன். புருவம் இதில வந்து கொஞ்சம் அழிஞ்சிருக்கும்."

வரைந்து காட்டினேன். பார்த்தார். "இல்லை" என்றார்.

"எது இல்லை?"

"தெரியேல்ல. ஆனா அவன் இல்லை."

மூக்கில்தான் சண்டை வந்தது. மூக்கு தன்னுடையது மாதிரி என்றார் அப்பா. இல்லை, என் தம்பியின் மூக்கு என்றார் அம்மா. தம்பியின் படமும் அந்த டின்னோடு போனதுதான். "நீ எப்பவும் உன்ர ஆக்களின்ர சாயல் எண்டுதான் சொல்லுவாய்" என்றார் அவர். "நான்தானே பெத்தனான்" என்றார் இவர். மகள் கலர்பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு மூன்று மூக்கு போட்டு அழித்ததில் தாள் பிய்ந்துபோனது.

இப்படி ஏழெட்டு வாரம் போனது. ஒவ்வொரு வாரமும் புதுத் தாள். ஒவ்வொரு வாரமும் அம்மா நான் வரைந்ததைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, இல்லை என்று திருப்பிக் கொடுப்பார். கோபம் இல்லை, அழுகை இல்லை. கடையில் சேலை பார்த்துவிட்டு மடித்துக் கொடுப்பது போலக் கொடுப்பார்.

ஒரு நாள் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து அப்போது நாலு வருஷம். போட்டோ இல்லாமல் வாப்பாவின் முகம் எனக்கு வருகிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தேன். வந்தது ஆதார் கார்டில் இருக்கிற முகம். நேராகப் பார்த்துக்கொண்டு, காது இரண்டும் தெரிய, கொஞ்சம் பயந்த மாதிரி. வாப்பா அப்படி ஒரு நாளும் இருந்ததில்லை. சிரிக்கிற முகத்தை நினைக்கப் பார்த்தேன். ஆதார் கார்டு முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. உம்மாவிடம் போய், மையத்தில் வரைகிற படத்தைப் பற்றியும் சேர்த்து இதைச் சொன்னேன்.

"அதத் தோண்டாத" என்றார் உம்மா. "அந்தப் பொம்பளைட்டயும் சொல்லிரு."

நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, எனக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றிய ஒரு காரியம் செய்தேன். கூடப் பிறந்த தங்கை ஒருத்தி உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்து வரைந்து, அங்கங்கே மாற்றினால் போதுமே என்று நினைத்தேன். பெற்றோர் சரி என்றார்கள். மகளிடமும் கேட்டேன். தோளைக் குலுக்கினாள்.

இரண்டு ஞாயிறு அவளை ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்காரவைத்து வரைந்தேன். தலைமுடியை முழுக்கப் பின்னால் இழுத்துக் கட்டச் சொன்னேன். தோட்டைக் கழற்றச் சொன்னேன். கன்னத்தை இன்னும் கொஞ்சம் உருட்டினேன், வயதைக் குறைத்தேன். அம்மா பக்கத்தில் நின்று மகளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "கொஞ்சம் நிமிரு" என்றார். பிறகு, "சிரியாத. அவன் இப்பிடிச் சிரிக்க மாட்டான்" என்றார். அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

இரண்டாவது ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அவள் என் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை வந்தாள்.

"டீச்சர், படம் முடிஞ்சிருச்சா?"

"முடியப் போகுதும்மா."

"சீக்கிரம் முடிங்க டீச்சர். வீட்டுலயும் இப்ப அம்மா என்னய அப்படித்தான் பாக்குது. சாப்பிடயில பாக்குது, தூங்கயில பாக்குது. என்னயப் பாக்கல."

அடுத்த வாரத்தோடு முடித்துவிடுவேன் என்று சொன்னேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

முடித்தேன். கலர் கொடுத்தால் இன்னும் தப்பாகிவிடும் என்று கரிக்கோலிலேயே நிறுத்தினேன். நல்ல படம்தான் அது. நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம். வெறும் கழுத்தோடு விட மனசு வராமல், பள்ளிச் சட்டை மாதிரி ஒரு காலர் போட்டு, அதன் ஒரு நுனியை மட்டும் மடங்கினபடி வைத்தேன். பிள்ளைகள் சட்டை அப்படித்தானே இருக்கும் என்று நானாகப் போட்டது.

அப்பா பார்த்தவுடனே காலரில் விரல் வைத்தார். "இதுதான்" என்றார். "இந்தக் காலரை எத்தனை தரம் நிமித்தி விட்டிருப்பன். நிமித்த நிமித்த மடங்கும்."

நான் அவரைப் பார்த்தேன். காலர் நானாகப் போட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. யார் கண்டது, நிஜமாகவே மடங்கியிருக்கலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். அம்மா ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை இல்லை என்று சொல்லவில்லை. "இருக்கும்" என்றார்.

அவ்வளவோடு அந்தப் படத்தை அவர்கள் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அந்தச் சமயத்தில் மையத்தின் ஆண்டு விழா வந்தது. டிரஸ்ட்டிலிருந்து வெளிநாட்டு ஆட்கள் வருகிறார்கள், குடும்பங்கள் வரைந்த படங்களை முன்கூடத்தில் வைக்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார். சென்னையிலிருந்து வந்த இளைஞர், கெட்டவர் இல்லை. கரிக்கோல் படத்தைப் பார்த்ததும், "மேடம், இதுதான் சென்டர் பீஸ்" என்றார். அவர்களைக் கேட்க வேண்டும் என்றேன். நான் அப்பாவை மட்டும் கேட்டேன். போனில்தான். "வையுங்கோ டீச்சர், அவவுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்" என்றார். அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்தப் படத்தை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கண்ணாடிச் சட்டம் போட்டு, நுழைந்தவுடன் தெரிகிற சுவரில் மாட்டி, மேலே விளக்கு வைத்தார்கள். கீழே ஒரு அட்டையில், நினைவிலிருந்து மீட்ட முகம் என்று மேலாளர் எழுதி ஒட்டினார். காலையிலிருந்து கூட்டம். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து லாட்ஜ்காரர்கள், வாத்தியார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர். எல்லாரும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியும் எடுத்தார்கள். நான் நின்றேன்.

பதினோரு மணி வாக்கில் அவர்கள் மூன்று பேரும் வந்தார்கள். நல்ல உடுப்பு உடுத்தியிருந்தார்கள். மேலாளர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினார். கூட்டம் விலகி வழிவிட்டது. போட்டோ எடுக்கிறவர் மகளை இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார். படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு ஒரு பெண் உரக்கவே சொன்னாள், "அப்படியே இந்தப் பிள்ளைதானே."

மகள் திரும்பி வெளியே போனாள். அப்பா அவள் பின்னால் போனார். அம்மா நின்றுகொண்டே இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இவ்வளவு காலமும் கண்ணை மூடினா வருவான் டீச்சர். தெளிவா வரமாட்டான், ஆனா வருவான். இப்ப கண்ணை மூடினா உங்கட படம்தான் வருது. அவன் வாறான் இல்லை."

நான் என்னவோ சொன்னேன். கொஞ்ச நாள் பார்க்காமல் இருந்தால் திரும்பி வந்துவிடும் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். எனக்கு வாப்பாவின் முகம் வராததைச் சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லவில்லை. படத்தைக் கழற்றிக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"கிழிச்சு என்ன செய்ய? உள்ளுக்கல்லோ இருக்கு" என்றார்.

பிறகு முந்தானையைச் சரி செய்துகொண்டு, எல்லாருக்கும் கொடுத்த ஜூஸ் டம்ளரை வாங்கிப் பாதி குடித்து, மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் வகுப்புக்கு வரவில்லை. நான் இரண்டு தடவை முகாமுக்குப் போனேன். முதல் தடவை கேட்டில் பெயர் எழுதி, அப்பாவை வரச்சொல்லிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினோம். படத்தைச் சட்டத்தோடு அவரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வீட்டில் மாட்டவில்லையாம், காண்ட்ராக்டர் குடோனில் பெயிண்ட் டப்பாக்களோடு வைத்திருக்கிறாராம், பிறகு போனில் சொன்னார். போகவர அங்கே போய்ப் பார்ப்பதாகவும் சொன்னார். மனைவியோடு பேச்சுக் குறைந்துபோனது. நீதான் அவனை விட்டுட்டாய் என்று அவர் ஒரு நாள் மனைவியிடம் சொல்லிவிட்டாராம். எப்போது விட்டதை, திட்டிலா இப்போதா என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை போனபோது மகள்தான் வந்தாள். மொட்டை அடித்திருந்தாள். வேண்டுதலா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். சும்மா. இப்படி இருந்தா அந்தப் படம் மாதிரி இருக்காது."

இன்னும் வரைகிறாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. வாங்கிக்கொண்டு போயிருந்த கலர் டப்பாவை நீட்டினேன். மரியாதைக்காக வாங்கிக்கொண்டாள்.

மையம் அடுத்த வருஷத்தோடு மூடப்பட்டது. டிரஸ்ட்டில் ஏதோ பிரச்சினை, இனி நடத்த முடியாது என்று மேலாளருக்கு ஒரு மெயில் வந்தது. அவர் எங்களுக்கெல்லாம் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். குடும்பங்கள் வரைந்த படங்கள் ஒரு மூலையில் சுருட்டி வைத்திருந்தபடியே கிடந்தன. நானும் ஒரு மீனவப் பெண்ணும் போய் எடுக்கலாம் என்று போனபோது கட்டடத்துக்காரர் வேறு பூட்டுப் போட்டிருந்தார். இப்போது அங்கே கருவாடு கட்டி வைக்கிறார்கள்.

உம்மாவுக்கு நான் நடந்தது முழுவதையும் சொல்லவில்லை. அரைகுறையாகச் சொன்னதற்கே, "மன்னிப்புக் கேட்டியா?" என்று கேட்டார். கேட்டேன் என்று பொய் சொன்னேன்.

போன மாசம் ராமநாதபுரம் புது பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தாராம், சர்க்கரை கூடியிருக்கிறதாம். என்னைப் பார்த்ததும் முகம் திருப்பவில்லை. பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னார். மகள் பத்தாவது முடித்துவிட்டாள், மேலே படிக்க மாட்டேன் என்று மண்டபத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்றார். கணவர் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போனவர், ஆள் எண்ணுகிற நாளுக்கு மட்டும் வருகிறார்.

நான் கேட்கக் கூடாது என்று இருந்தும் கேட்டேன். "இப்ப வாறானா?"

யாரை என்று அவருக்கு விளங்கியது. மாத்திரைப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"இப்ப ஒருத்தரும் வாறதில்லை டீச்சர். நான் கண்ணை மூடிப் பாக்கிறதும் இல்லை."

மண்டபம் பஸ் வந்தது. கூட்டம் அதிகம். மாத்திரைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறினார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததா என்று நான் கீழே நின்று தேடினேன். கிடைக்கவில்லை போல.